அண்ணன் வீட்டைவிட இரண்டடி உயரம்

எங்கள் நிறுவனத்தில் இப்போது வீட்டுக் கடன் கொடுக்க வீட்டைப் பார்க்க வேண்டியதில்லையாம். புருஷன் பெண்டாட்டியையும் பார்க்க வேண்டியதில்லையாம். செல்போனில் நாலு இடத்தில் விரலை வைத்தால் போதும், டீ ஆறுவதற்குள் கடன் வந்து நிற்குமாம். பெரம்பலூர் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் பெருமையாகச் சொன்னார்கள். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டார்கள். "மேடம், லோன் கட்ட முடியாம போச்சுன்னா புருஷன் பொண்டாட்டி மேல பழி போடறாரு, அந்தம்மா அவரு மேல பழி போடுது. நெசமா யாருதான் மேடம் பொறுப்பு? நீங்க இத்தனை வருஷம் பாத்திருக்கீங்கள்ல?"

பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், சும்மாவே சொல்கிறேன். சும்மா கிடைக்கிற யோசனையை எவரும் மதிப்பதில்லை என்பது தெரிந்தும் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தட்டச்சு செய்ய. வேப்பந்தட்டைப் பக்கமும் ஆண்டிமடம் பக்கமும் வெயிலில் அலைய ஆண்பிள்ளைகள் யாரும் முன்வராததாலும், எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்து தொலைத்ததாலும் என்னைக் கள அலுவலர் ஆக்கினார்கள். திருச்சியில் பயிற்சி கொடுத்தார்கள். சம்பளத்தில் எத்தனை பங்கு தவணைக்குப் போகலாம், மனைக்கு மதிப்பு எப்படிப் போடுவது, வில்லங்கம் எப்படிப் பார்ப்பது என்று எல்லாம் வந்தது. பங்காளிக் காய்ச்சல் என்று ஒரு வியாதி இருக்கிறது, அது கடனை என்ன பாடு படுத்தும் என்று மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வேலை இதுதான். கடனை மொத்தமாகக் கொடுக்க மாட்டோம். பேஸ்மட்டம் வந்ததும் ஒரு பகுதி, சுவர் எழும்பி ஜன்னலுக்கு மேல் லிண்டல் வந்ததும் ஒரு பகுதி, தளம் போட்டதும் ஒரு பகுதி. ஒவ்வொரு முறையும் நான் டேப்போடு போய் அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒரு தம்பதி வீட்டுக்கு அப்படிப் போனேன். பித்தளைக் குமிழ் வைத்த பெரிய இரும்பு கேட் நின்றது. இரண்டு பக்கமும் தூண், தூணுக்கு மேலே ஆளுக்கொரு சிங்கம். கேட்டைத் திறந்து உள்ளே போனால் ஓர் ஆடு கட்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. "வீடு எங்கங்க?" என்றேன். "வரும் மேடம். போற வர்ற சனம் மொதல்ல கேட்டத்தான பாக்கும்" என்றார் அந்த அம்மாள். புருஷன் பக்கத்தில் நின்று, பெண்டாட்டியின் புத்திசாலித்தனத்துக்கு நான் என்ன மார்க் போடுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டை அளந்து எழுத எங்கள் படிவத்தில் இடம் இல்லாததால் திரும்பி வந்தேன்.

என் மேலாளர் நடேசன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குரலை உயர்த்தவே மாட்டார். எவரைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். "உங்க அளவுக்கு எனக்குப் புத்தி கெடையாதுங்க" என்று அவர் சொல்லிவிட்டால், எதிரே இருப்பவரின் விண்ணப்பம் குப்பைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

கணவன் மனைவி கடன் கேட்டு வந்தால் இருவரையும் சேர்த்து உட்கார வைக்க மாட்டார். புருஷனை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பார். மனைவியை முதலில் உள்ளே அழைப்பார். டீ வரும். டீ குடித்து முடிக்கிறவரை ஊர், மழை, வெங்காய விலை என்று பேசுவார். வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரே ஒரு கேள்வி. "கடைசியா நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசி வாங்குன சாமான் எதும்மா?" பதிலைக் கேட்டுக்கொண்டு அவரை வெளியே அனுப்பி, புருஷனை அழைத்து, அதே டீ, அதே மழை, அதே கேள்வி. இரண்டு பதிலும் பொருந்தினால் கடன். பொருந்தாவிட்டால், "வூட்டுக்குப் போயி பேசிட்டு வாங்க. கடன் எங்கயும் ஓடிடாதுங்க."

வாலிகண்டபுரத்திலிருந்து வந்த ஒருவர், "பைக்குங்க சார், ரெண்டு பேரும் கலந்துதான் எடுத்தோம்" என்று மார்தட்டினார். அவர் மனைவி அதற்கு முன்பே உள்ளே சொல்லிவிட்டுப் போயிருந்தார். "தெருவுல நாயி கொலச்சிச்சு சார். என்னான்னு எட்டிப் பாத்தேன். பைக் நின்னுச்சு." நடேசன் சார் அந்தக் கணவரிடம், அவர் அளவுக்குத் தமக்குப் புத்தி கிடையாது என்று பணிவோடு தெரிவித்தார்.

தலைமை அலுவலகம் இந்த முறையைக் கேலி செய்தது. ஆனால் எங்கள் கிளையில் வாராக் கடன் மிகவும் குறைவு. கேலி செய்தவர்கள் அந்தக் கணக்கைக் காட்டித்தான் பதவி உயர்வு வாங்கினார்கள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். நடேசன் சாருக்குச் சறுக்கியது செல்வராசு, கலைச்செல்வி தம்பதியிடம்.

வேப்பந்தட்டை தாண்டி ஒரு கிராமம். செல்வராசுவுக்கு ஒரு லாரி இருந்தது, அரியலூரிலிருந்து சிமெண்ட் மூட்டை ஏற்றிப் போவார். கலைச்செல்வி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தார். அவர் பெயரில் அவருடைய அப்பா எழுதி வைத்த கொஞ்சம் நிலம் இருந்தது. கிணற்றுப் பாசனம், சின்ன வெங்காயம் போடுவார்கள். இரண்டு பெண் குழந்தைகள். செல்வராசுவின் அண்ணன் தங்கராசு சிங்கப்பூரில் சம்பாதித்து வந்து, பொது மனையின் பாதியில் மெத்தை வீடு கட்டியிருந்தார். மறுபாதியில் தம்பி குடும்பம் தகரக் கொட்டகையில் இருந்தது. தங்கராசுவின் மனைவி வசந்தா, கலைச்செல்விக்கு ஓர்ப்படியாள். நல்லது கெட்டது எதற்குப் போனாலும் இவரை "எங்க தகரக் கொட்டாயிக்காரி" என்று செல்லமாகத்தான் அறிமுகப்படுத்துவாராம். அந்தச் செல்லத்தை ஒன்பது வருஷம் கலைச்செல்வி பொறுத்துக்கொண்டிருந்தார்.

வந்தார்கள். டீ, மழை, வெங்காயம் எல்லாம் ஆயிற்று. கேள்வி கேட்டார். "டபுள் டோர் ஃப்ரிட்ஜுங்க சார்" என்றார் கலைச்செல்வி. "டபுள் டோர் ஃப்ரிட்ஜ் சார்" என்றார் செல்வராசு. நடேசன் சார் பூரித்துப் போனார்.

வெளியே வந்து நான் கலைச்செல்வியிடம் கேட்டேன். "தகரக் கொட்டகையில டபுள் டோர் எதுக்கும்மா?"

"அவங்க வூட்டுல சிங்கிள் டோர் மேடம்" என்றார்.

இதை அப்படியே போய் நடேசன் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒத்துமையா இருக்காங்களேம்மா, அதப் பாருங்க" என்றார். சண்டை போடுகிற தம்பதி கடனை மூழ்கடிக்கும் என்பது அவருடைய இத்தனை வருஷ அனுபவம். ஒரே பைத்தியம் இருவருக்கும் பிடித்திருந்தால் ஒற்றுமைக்கு என்ன குறைச்சல்? அது அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பிளானில் பேஸ்மட்டம் இரண்டரை அடி. நான் போய் அளந்தபோது சரியாக இருந்தது, முதல் பகுதியைக் கொடுத்தோம். அடுத்த பகுதிக்கு லிண்டல் மட்டம் வந்திருக்க வேண்டும் அல்லவா? போனேன். சுவரே எழும்பவில்லை. பேஸ்மட்டம்தான் வளர்ந்திருந்தது. என் தோள் உயரத்துக்கு நின்றது.

நடந்தது இதுதான். முதல் பேஸ்மட்டம் முடிந்த அன்று வசந்தா தன் வாசலில் வந்து நின்று, "பரவால்லியே, எங்க மட்டத்துக்கு வந்துட்டீங்களே" என்றிருக்கிறார். அவ்வளவுதான். மறுநாளே டிப்பர் வந்தது. கிராவல் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, குத்தி, மறுபடியும் கொட்டினார்கள். சுவருக்குக் கொடுத்த பணம் செங்கல்லைக் கண்ணால் பார்க்காமலே மண்ணுக்குள் போனது. அண்ணன் வீட்டு வாசலைவிட இரண்டடி உயரம் வந்த பிறகுதான் டிப்பர் நின்றது.

"என்னங்க இது?" என்று செல்வராசுவைக் கேட்டேன்.

"மழைத்தண்ணி உள்ள வந்துடக் கூடாதுல்ல மேடம்" என்றார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியும் அந்த வருஷம் அந்தப் பக்கம் ஒரு தூறல் கிடையாது. ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கலைச்செல்விக்குப் பொய் வராது. "மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். எங்க வாசல்ல நான் நின்னா வசந்தாக்கா அண்ணாந்து பாக்கணும். அதான்" என்றார். செல்வராசு மறுக்கவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தார். இருவரும் அந்த மண் மேட்டின் மேல் ஜோடியாக நின்றார்கள். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நடேசன் சார் நேரில் வந்து பார்த்தார். மேட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "உங்க அளவுக்கு எனக்குப் புத்தி கெடையாதுங்க" என்றார். அவர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். நகையை அடகு வைத்துச் சுவரை எழுப்பினார்கள். இதற்கிடையில் தங்கராசு சும்மா இருப்பாரா? மொட்டை மாடியில் தூண் எழுப்பி, அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வைத்தார். கீழே இருந்து பார்த்தால் தொட்டி தெரியும், வீடு தெரியாது. கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான் இரண்டு வீட்டிலும் நடந்தது.

தளம் போடக் காசில்லை. இரண்டாவது கடன் கேட்டு வந்தார்கள். 'வேண்டாம்' என்று நடேசன் சார் எழுதி அனுப்பினார். வருஷக் கடைசி, கிளைக்குக் கொடுத்த கடன் இலக்கு எட்டவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது, இவர் "சரிங்க", "சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அளவு சரிபார்த்ததாக அதே தாளில் நானும் போட்டேன். ஆகையால் பிள்ளைகளே, யார் பொறுப்பு என்று கேட்டீர்களே, எண்ணிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் நாலு கையெழுத்து இருந்தது. போன் செய்தவருடையது மட்டும் இல்லை. அவருக்கு அந்த வருஷம் கேடயம் கொடுத்தார்கள்.

தளம் போட்டார்கள். மீதிப் பணத்தில் உள்ளே பூசியிருக்கலாம். முகப்புக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். உள்ளே செங்கல் பல்லைக் காட்டியது. வாசலுக்கு ஏற ஏழெட்டுப் படி. சிலிண்டர் கொண்டு வருகிறவர் கீழேயே இறக்கி வைத்துவிட்டு, "தூக்கிக்கங்க" என்று போய்விடுவார். செல்வராசு லாரியோடு வெளியூர் போயிருக்கும் நாட்களில் கலைச்செல்வி சிலிண்டரைப் படி படியாக உருட்டி ஏற்றுவார். அதையும் வசந்தா தன் வாசலில் நின்று பார்ப்பார். அண்ணாந்துதான் பார்ப்பார். ஆசைப்பட்டது நிறைவேறிவிட்டது.

பிறகு லாரிக்கு லோடு குறைந்தது. லாரிக்கும் தவணை, வீட்டுக்கு இரண்டு தவணை, அடகு நகைக்கு வட்டி. ஒரு மாதம் தவறியது, அடுத்த மாதமும் தவறியது, அப்புறம் வரவே இல்லை. ஏலத்துக்கு முந்தைய நோட்டீஸை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். அதன் பிறகு இருவரும் கிளைக்கு வந்தார்கள்.

அன்றைக்கு நடேசன் சார் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். டீ வரவில்லை.

"உயரத்த யாருங்க முடிவு பண்ணது?" என்றார்.

"இவதான் சார். அவங்க அண்ணாந்து பாக்கணும், அண்ணாந்து பாக்கணும்னு பொழுதன்னைக்கும் உசுர வாங்கினா."

"நானா டிப்பர் ஓட்டிட்டு வந்தேன்? ஒங்க அண்ணன் மீசைய முறுக்குனாருன்னு நீங்கதானங்க இன்னும் ரெண்டு லோடு சொன்னீங்க?"

"நீ டைல்ஸ் கேக்கல?"

"நீங்க புடிக்கல? கலரு யாரு தேர்ந்தெடுத்தது?"

நடேசன் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருல ஒருத்தர்தான் குத்தவாளின்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்கன்னா எனக்கு வேலை சுலபங்க. மத்தவரு பாதி வூட்டை ஏலத்துலேர்ந்து காப்பாத்திடலாம்" என்றார். அதோடு சத்தம் நின்றது.

செல்வராசு தொண்டையைச் செருமினார். "ஏலம் வாணாம் சார். கலை பேருல நெலம் இருக்கு. பெரம்பலூர் ஆளு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அத வித்துக் கட்டிடறோம்."

அந்த நிலத்து வெங்காயத்தில்தான் அந்த வீட்டில் அப்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழந்தைகளின் பள்ளிக்கூடக் கட்டணமும் அதிலிருந்துதான் போனது. அதுவும் போய்விட்டால் ஏழெட்டுப் படி ஏறி, டைல்ஸ் ஒட்டிய முகப்புக்குள் போய், உள்ளே எதைத் தின்பார்கள்?

"வேற வழி இருக்குங்க. வூட்டை வித்துட்டுக் கடனைக் கட்டலாம்" என்றார் நடேசன் சார்.

"அத வாங்கறேன்னு கேக்கறது எங்கண்ணன் ஒருத்தந்தான் சார். மண்ணோட மண்ணாப் போனாலும் அவனுக்குத் தர மாட்டேன்." கலைச்செல்வி பக்கம் திரும்பினார். "நீ கையெழுத்து போட்டுடு கலை. இல்லன்னா ஊருல நான் எப்படி நிமிந்து நடக்கறது?"

கலைச்செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இவ்வளவு ஒசரத்துல ஏறி நின்னும் நிமிர முடியல, இனிமே எங்க நிமிரப் போறீங்க?" என்றார். நடேசன் சார் பக்கம் திரும்பினார். "சார், மண்ணக் கொட்டச் சொன்னது நாந்தான். டைல்ஸ் கேட்டது நாந்தான். அந்தம்மா என்னைத் தகரக் கொட்டாயின்னு சொன்னது நெஞ்சுல முள்ளாட்டம் கெடந்துச்சு, அதுக்காவ ஆடுனேன். ஒத்துக்கறேன். அவரும் ஆடுனாரு, அவரு ஒத்துக்கலைன்னாலும் நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் ஆடுனோம். அதுக்கு எங்கப்பாரு குடுத்த நெலம் என்னா பண்ணுச்சு? எம் புள்ளைங்க என்னா பண்ணுச்சுங்க? வூடு போனா போவட்டும். நெலத்துக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

"அண்ணங்கிட்ட போயி நிக்கச் சொல்றியா?"

"நீங்க நிக்க வாணாம். நான் போறேன்."

பத்திர விவரம் சொல்ல நானும் கூடப் போக வேண்டியிருந்தது. கலைச்செல்வி தன் வீட்டுப் படிகளில் இறங்கி வசந்தா வீட்டு வாசலில் போய் நின்றார். இப்போது கொட்டித் தீர்க்கப் போகிறார் வசந்தா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எக்கா, வூட்டை நீங்களே எடுத்துக்குங்க" என்றார் கலைச்செல்வி.

"உள்ள வாடி, வெயில்ல நின்னுகிட்டு" என்றார் வசந்தா. சொம்பில் மோர் வந்தது. கலைச்செல்வி குடித்து முடித்ததும் வசந்தா சொன்னார். "ஒன் வூட்ட அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்தே புடிச்சுக்கிச்சுடி எனக்கு." கலைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும் வந்துவிட்டது.

இத்தோடு எல்லோருக்கும் புத்தி வந்தது என்று நினைக்கிறீர்களா? தங்கராசுவிடம் முக்கால் பணம்தான் இருந்தது. மீதிக்குக் கடன் கேட்டு எங்களிடமே வந்தார்கள். நடேசன் சார் பழையபடி ஒருவரை வெளியே உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். இந்த முறை கேள்வி மட்டும் வேறு. "இந்த வூட்ட எதுக்கும்மா வாங்கறீங்க?"

"இடிக்கறதுக்கு சார்" என்றார் வசந்தா. "இடிச்சு, அந்த மண்ண அள்ளிட்டு, எங்க மட்டத்துக்கு எறக்கிடணும். எவ்வளவு ஆனாலும் பரவால்ல."

தங்கராசு உள்ளே வந்து, "தம்பி வூடு வெளியாள் கைக்குப் போயிடக் கூடாதுல்ல சார்" என்று நெகிழ்ந்தார்.

பதில்கள் பொருந்தவில்லை. நியாயப்படி திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் விற்பனை நின்றுவிடும், ஏலம் வரும், கடைசியில் கலைச்செல்வியின் நிலத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நடேசன் சார் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். "வாங்கறதுக்குத் தரேங்க. இடிக்கறதுக்கு எங்ககிட்ட கடன் கெடையாது. கடன் முடியற வரைக்கும் ஒரு கல்லை எடுத்தாலும் எனக்குச் சொல்லணும்" என்று எழுதி வாங்கிக்கொண்டார். தவணையையும் அவர்களால் கட்டக்கூடிய அளவுக்குச் சுருக்கினார். கடன் முடியும்வரை அந்த வீட்டை வசந்தா அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பத்திரப் பதிவன்று செல்வராசு அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். எங்கள் கடன் அடைந்தது, நகை மீண்டது, கையில் சொற்பம் மிஞ்சியது. நிலத்தில் ஒரு கொட்டகை போட்டுக் குடிபோனார்கள்.

நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில் அந்த வழியாக ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஸ்கூட்டரை நிறுத்தினேன். வெங்காயம் பிடுங்கிக் காய வைத்திருந்தார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் முளை அடித்து நூல் கட்டிச் செல்வராசு ஒரு ரூம் கட்ட இடம் குறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகத்தில் பழைய வெளிச்சம்.

"வாங்க மேடம், வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. சின்னதா ஒரு ரூமுதான். பேஸ்மட்டம் கொஞ்சம் ஒசத்திப் போட்டா நல்லாருக்கும். செல்போன்லயே லோன் தராங்களாமே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

வெங்காயக் குவியலுக்குப் பின்னாலிருந்து கலைச்செல்வி எழுந்தார். கையில் வெங்காயத் தாள், முகமெல்லாம் மண்.

"மேடம், அவருக்குக் குடிக்க தண்ணி வேணும்னா குடுங்க. லோன் குடுத்துடாதீங்க" என்றார். பிறகு செல்வராசுவைப் பார்த்தார். "ஏங்க, பத்திரம் யாரு பேருல இருக்கு? சேத்து வெச்சுக் கட்டுவோம். இல்லன்னா கொட்டாயில இருப்போம். நான் கையெழுத்து போட மாட்டேன்."

செல்வராசு என்னைப் பார்த்தார், கலைச்செல்வியைப் பார்த்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஜோடிகளை எதிரே உட்கார வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறேன். கடனே வேண்டாம் என்று ஒரு பெண் சொல்லி என் காதால் கேட்டது அன்றைக்குத்தான்.